ஓய்வுக் காலத்தில் ஒரு பயண வாகனம்: பணம் எங்கிருந்து வரும்?

முப்பது, நாற்பது வருடங்களாகக் காலையில் கடை திறந்து இரவில் கணக்கு முடித்துப் பூட்டிய ஒரு வர்த்தகரிடம், "பிள்ளைகள் பொறுப்பெடுத்த பிறகு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "மனைவியோடு நாலு ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும்" என்பார் அநேகமானவர். கண்டியில் கடை வைத்திருப்பவர் வார நாட்களில் கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் போவதே அரிது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் திரும்பவும் கடை, ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீடு. ஆயுள் இப்படியே போகிறது.

அவுஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ குடியிருக்கும் பிள்ளைகள் அங்குள்ள ஓய்வுபெற்ற தம்பதியரைப் பற்றிச் சொல்லும்போது நமக்கு வியப்பாக இருக்கும். படுக்கை, சமையலறை, கழிவறை என எல்லாமுள்ள ஒரு வாகனத்தை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். இதை மோட்டார் ஹோம் என்கிறார்கள். காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்வது கரவன். இரண்டுமே விலை கூடியவை. வேலையை விட்ட பிறகு, சம்பளம் நின்ற பிறகு, இவ்வளவு பெரிய தொகையை அவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் அது நம்முடைய கடைக் கணக்குப் புத்தகத்தில் வந்து நிற்கும். ஆகவே வாகனம் வாங்கும் எண்ணமே இல்லாதவர்களும் இதைப் படிப்பது நல்லது.

அவர்கள் எப்படி வாங்குகிறார்கள்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். அங்கே பெரும்பாலானோர் ஓய்வுக் கால வருமானத்திலிருந்து மோட்டார் ஹோம் வாங்குவதில்லை. உழைத்த காலத்தில் வேறாக ஒதுங்கியிருந்த ஒரு சொத்தைப் பணமாக்கியே வாங்குகிறார்கள். அந்தச் சொத்து பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ஓய்வூதிய நிதி அல்லது வீடு.

அவுஸ்திரேலியாவில் தொழிலாளியின் சம்பளத்துக்கு மேலதிகமாக ஒரு பங்கைத் தொழில் கொடுப்பவர் ஓய்வூதிய நிதியில் கட்டியாக வேண்டும். 1992 ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்ட இத்திட்டத்தில் 2025 ஜூலை முதல் கட்ட வேண்டிய பங்கு 12 வீதம். 60 வயதாகி ஓய்வு பெறுபவர் அதிலிருந்து ஒரு தொகையை மொத்தமாக எடுக்கலாம். பிள்ளைகள் போன பின் பெரிய வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்கு மாறுவோரும் உண்டு. 55 வயதைத் தாண்டியவர் அப்படி விற்ற பணத்தில் நிபந்தனைகளுடன் ஆளுக்கு மூன்று இலட்சம் டொலர் வரை ஓய்வூதிய நிதியில் போட அரசாங்கமே வழி வைத்திருக்கிறது. வீடு சிறிதாகிறது, கையில் பணம் மிஞ்சுகிறது, அதில் ஒரு பகுதி வாகனமாகிறது.

இங்கிலாந்தில் தனியார் ஓய்வூதிய நிதி வைத்திருப்பவர் 55 வயதில் அதன் நான்கில் ஒரு பங்கை, ஓர் உச்ச வரம்புக்குள், வரியின்றி எடுக்கலாம். 2028 ஏப்ரல் முதல் இந்த வயது 57 ஆகிறது. அமெரிக்காவில் தனிப்பட்ட ஓய்வூதியக் கணக்கிலிருந்து தண்டமின்றிப் பணம் எடுக்க 59 வயதும் ஆறு மாதமும் நிறைந்திருக்க வேண்டும். அங்கே மோட்டார் ஹோமுக்கென்றே 10, 15, 20 வருடக் கடன் கொடுக்கும் வங்கிகளும் உள்ளன. படுக்கை, சமையல், கழிவறை மூன்றும் இருந்தால் வருமான வரியில் அதை இரண்டாவது வீடாகக் கணிக்கவும் இடமுண்டு.

புத்திசாலிகள் புது வாகனம் வாங்குவதில்லை. மோட்டார் ஹோமின் விலை முதல் சில வருடங்களில்தான் வேகமாக இறங்கும். ஆகவே நாலைந்து வருடம் ஓடியதை வாங்கி, சில வருடம் பாவித்து, உடம்பில் பலம் குறைவதற்கு முன்னர் விற்றுவிடுகிறார்கள். அவர்கள் பார்க்கும் கணக்கு வாங்கிய விலையல்ல. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசமே.

இதற்கு மறுபக்கமும் உண்டு

வாகனத்தில் வாழும் எல்லோரும் வசதியாக வாழ்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 2008 பொருளாதார நெருக்கடியில் அமெரிக்காவில் வேலையையும் வீட்டையும் சேமிப்பையும் இழந்த பலர், அறுபது வயதைக் கடந்த நிலையில், வாடகை கட்ட வழியின்றி வேன்களிலும் பழைய மோட்டார் ஹோம்களிலும் குடியேறினார்கள். களஞ்சியசாலைகளில் பருவகால வேலை, முகாம்களில் துப்புரவு வேலை என்று ஊர் ஊராக அலைந்தார்கள். ஜெசிக்கா புரூடர் என்ற பத்திரிகையாளர் 2017 இல் எழுதிய 'நோமட்லாண்ட்' என்ற நூல் இவர்களைப் பற்றியது. அதே பெயரில் வந்த திரைப்படம் 2021 இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது.

ஒரே வகை வாகனம். ஒருவருக்கு அது ஓய்வின் இன்பம், இன்னொருவருக்கு ஓய்வே இல்லாத முதுமை. உழைக்கும் காலத்தில் தனியாக ஒதுக்கிய பணம் இருந்ததா, அது நெருக்கடியில் தப்பியதா என்பதே இருவருக்கும் இடையிலுள்ள வித்தியாசம்.

நம்மிடம் அந்தப் பணம் எங்கே?

இலங்கையில் சம்பளம் பெறுபவருக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டு. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் 8 வீதமும் தொழில் கொடுப்பவர் 12 வீதமும் கட்ட வேண்டும். 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் கொடுப்பவர் இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். அறுபதாயிரம் ரூபா சம்பளம் பெறும் ஒரு விற்பனையாளர் பெயரில் இப்படி மாதம் 13,800 ரூபா சேர்கிறது. ஆணாயின் 55 வயதிலும் பெண்ணாயின் 50 வயதிலும் சேமலாப நிதியை மொத்தமாக எடுக்கலாம். அரச ஊழியருக்கு ஓய்வூதியமும் பணிக்கொடையும் உண்டு.

கடை முதலாளிக்கு? தன் ஊழியருக்கு மாதா மாதம் கட்டும் முதலாளி, தனக்கென்று ஒரு சதமும் கட்டுவதில்லை. தனிநபர் வியாபாரமாகப் பதிந்திருப்பவர் தனக்குத் தானே ஊழியராக முடியாது. இருபத்தைந்து வருடம் வேலை செய்த பையன் ஒரு தொகையோடு வீட்டுக்குப் போகிறான், அவனுக்குச் சம்பளம் கொடுத்தவர் வெறுங்கையோடு நிற்கிறார். இது மிகையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கடைக்கு வெளியே, கடைக்கடனுக்குப் பிணையாக நிற்காமல், உங்கள் பெயரில் எவ்வளவு பணம் இருக்கிறது?

வர்த்தகரின் செல்வம் சரக்கிலும், வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கியிலும், கடையின் கீ மணியிலும், வீட்டிலும், ஊரிலுள்ள காணித் துண்டிலும் இருக்கிறது. கையில் இருப்பது அன்றைய விற்பனைக் காசு. அதுவும் மறுநாள் வங்கிக்குப் போகும் செக்குக்காகக் காத்திருக்கும் காசு. வீட்டுச் செலவும் கடை மேசை இலாச்சியிலிருந்துதான் போகிறது. இந்த நிலையில் வாகனம் வாங்கினால், அது கடையின் முதலைப் பிடுங்கித்தான் வாங்கப்படும்.

கடையின் உண்மையான பெறுமதி

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். 58 வயதான ஒரு புடைவை வியாபாரியிடம் 120 இலட்சம் ரூபா சரக்கு இருக்கிறது. வெளியில் வர வேண்டிய பாக்கி 35 இலட்சம். மொத்த வியாபாரிகளுக்கு அவர் கொடுக்க வேண்டியது 60 இலட்சம். புத்தகத்தின்படி அவருடைய முதல் 95 இலட்சம். "80 இலட்சத்துக்கு ஒரு நல்ல வேன் வாங்கினாலும் 15 இலட்சம் மிஞ்சுமே" என்று அவர் மனக்கணக்குப் போடுகிறார்.

ஆனால் கடையை முடிக்கும்போது என்ன நடக்கும்? பழைய டிசைன், உடைந்த சைஸ் எல்லாம் சேர்ந்த சரக்கு நூற்றுக்கு எழுபது வீதத்துக்குப் போனால் கிடைப்பது 84 இலட்சம். கடை மூடப்போகிறது என்று தெரிந்த பின் பாக்கிக்காரர் எல்லோரும் தருவதில்லை. 35 இலட்சத்தில் 25 வந்தால் நல்லது. மொத்தம் 109 இலட்சம். கொடுக்க வேண்டிய 60 இலட்சத்தில் ஒரு ரூபாவும் குறையாது. மிஞ்சுவது 49 இலட்சம். புத்தகத்தில் இருந்த தொகையில் ஏறக்குறைய பாதி.

இந்த 49 இலட்சத்தில்தான் இருவரின் மருத்துவச் செலவும், அவருக்குப் பின் மனைவியின் காலமும் அடங்க வேண்டும். இவருக்கு 80 இலட்ச ரூபா வேன் என்பது கனவல்ல, ஆபத்து. இதே மனிதர் 48 வயதில் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் பத்து வருட அவகாசம் கிடைத்திருக்கும்.

நமக்கு மோட்டார் ஹோம் தேவையா?

அவுஸ்திரேலியாவில் பேர்த்திலிருந்து சிட்னிக்கு ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர். இடையில் நாட்கணக்கில் ஆளில்லா நிலம். அங்கே வாகனத்துக்குள் வீடு வேண்டும். நம் நாடு வடக்கிலிருந்து தெற்கு வரை சுமார் 430 கிலோமீற்றர்தான். சுபஹுத் தொழுதுவிட்டுக் கண்டியிலிருந்து புறப்பட்டால் ஏ9 வீதி வழியாக அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா தாண்டி மாலைக்குள் யாழ்ப்பாணம் சேரலாம். வழிநெடுகப் பள்ளிவாசல், சாப்பாட்டுக் கடை, தெரிந்தவர் வீடு.

மலைநாட்டு வீதியும் பெரிய வாகனத்துக்கு உகந்ததல்ல. கடுகண்ணாவை ஏற்றம், மகியங்கனை வழியிலுள்ள பதினெட்டு வளைவு, நுவரெலியா வழியில் றம்பொடை என்று எங்கே பார்த்தாலும் நீண்ட வாகனத்துக்கு இடைஞ்சல். மின்சாரம், நீர், கழிவகற்றும் வசதியுள்ள தரிப்பிடங்களும் இங்கே பரவலாக இல்லை. வெளிநாட்டிலிருந்து பழைய மோட்டார் ஹோம் ஒன்றைக் கொண்டுவரலாம் என்று எண்ணுவோர், இறக்குமதி வாகனத்துக்கான வயதெல்லையையும், சுங்க வரி, உற்பத்தி வரி, 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உள்ள பெறுமதி சேர் வரி ஆகியவற்றையும் முதலில் விசாரிக்க வேண்டும்.

ஆகவே நமக்குப் பொருத்தமானது ஒரு நல்ல நிலையிலுள்ள வேன். பின் ஆசனத்தை மடித்துப் படுக்கையாக்கலாம். சிறு காஸ் அடுப்பு, தண்ணீர்க் கலன், திரைச்சீலை போதும். வெளியே எடுத்து வைக்கக்கூடிய பொருட்களால் இந்த வசதியைச் செய்வது மேல். ஆசனத்தை நிரந்தரமாகக் கழற்றுவது, கூரையை உயர்த்துவது போன்ற வேலை செய்வதானால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி பற்றியும், காப்புறுதிக் கம்பனியின் நிலைப்பாடு பற்றியும் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

ஒரு நாளைக்கு என்ன விலை?

வாகனத்தின் விலையை மட்டும் பார்ப்பது சரக்கின் கொள்வனவு விலையை மட்டும் பார்த்து வியாபாரம் செய்வது போன்றது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடா வருடம் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, சேர்விஸ், பட்டறி, டயர் என்று செலவு வரும். அதை உதாரணத்துக்கு வருடம் மூன்றரை இலட்சம் என்று வைப்போம். வாகனத்தின் பெறுமதி வருடம் நான்கு இலட்சம் இறங்குகிறது என்று கொள்வோம். மொத்தம் ஏழரை இலட்சம். டீசல் இதில் சேரவில்லை.

வருடத்தில் 30 நாள் பயணம் போனால் ஒரு நாளைக்கு 25,000 ரூபா. 60 நாள் போனால் 12,500. 120 நாள் போனால் 6,250. உங்கள் ஊரில் சாரதியோடு ஒரு வேனை ஹயருக்கு எடுக்க என்ன கேட்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அந்தத் தொகையை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் சுற்றப் போகிறவர் வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே பல சமயம் இலாபம். கேரள அரசு 2021 இல் கரவன் சுற்றுலாத் திட்டமொன்றைத் தொடங்கியபோதும், பயணிகள் கரவனை வாங்காமல் நாள் வாடகைக்கு எடுப்பதையே அடிப்படையாகக் கொண்டது.

தவணைக்கு வாங்கலாமா?

உழைக்கும் வயதில் தவணை ஒரு வசதி. வருமானம் நின்ற பின் அது ஒரு சுமை. 40 இலட்சத்தை 15 வீத வட்டியில் ஐந்து வருட லீசிங்குக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 95,000 ரூபா. மொத்தமாகக் கட்டுவது 57 இலட்சம். 17 இலட்சம் மேலதிகம். 60 வயதில் தொடங்கினால் 65 வயது வரை மாதந் தவறாமல் இந்தத் தொகை போக வேண்டும். இரண்டு தவணை தவறினால் வாகனத்தைப் பறிக்க ஆள் வருவான்.

வட்டியைத் தவிர்க்க விரும்புவோருக்கு, 2011 ஓகஸ்டில் வர்த்தக வங்கியாகச் செயற்படத் தொடங்கிய அமானா வங்கியும், வேறு சில வங்கிகள், நிதி நிறுவனங்களின் இஸ்லாமிய நிதிப் பிரிவுகளும் இருக்கின்றன. இஜாரா முறையில் நிறுவனம் வாகனத்தை வாங்கி உங்களுக்கு வாடகைக்குத் தருகிறது, முடிவில் உரிமை உங்களுக்கு வருகிறது. முறை ஆகுமானதா என்பதை உலமாக்களிடம் கேளுங்கள். வியாபாரக் கணக்கில் கேட்க வேண்டியவை வேறு: எல்லாத் தவணையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? இடையில் முடித்தால் எவ்வளவு? விபத்தில் வாகனம் முற்றாக அழிந்தால் பொறுப்பு யாருக்கு? எந்தப் பெயரில் வந்தாலும் மாதா மாதம் கட்டப் பணம் வேண்டும் என்பது மாறாது.

2022 கற்றுத்தந்த பாடம்

"மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்கலாமே" என்று கேட்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் வாகனம் இறக்குமதிப் பொருள். அதன் விலை டொலரோடு நகர்கிறது, நம் சேமிப்போ ரூபாவில் கிடக்கிறது.

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபா. மே மாதமளவில் 360 வரை போனது. 30 இலட்சம் ரூபா சேர்த்து வைத்திருந்தவரிடம் 15,000 டொலர் பெறுமதி இருந்தது, இரண்டு மாதத்தில் அது 8,300 டொலராகச் சுருங்கியது. அவர் ஒரு ரூபாவும் செலவழிக்கவில்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, மாறும் வட்டியில் கடன் எடுத்தவர் திண்டாடினார். ஜனவரியில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் ஜூன் மாத இறுதியில் 460 ரூபா. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போக 32 லீற்றர் பிடிக்கும் வேனுக்கு 3,900 ரூபாவுக்கும் குறைவாக இருந்த செலவு 14,700 ரூபாவைத் தாண்டியது. காசு இருந்தும் டீசல் கிடைக்கவில்லை. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது.

இதே காலத்தில் வேறொரு தவறான நம்பிக்கையும் வேரூன்றியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இந்த ஐந்து வருடமும் பழைய வாகனங்களின் விலை ஏறியது. வாங்கிய விலையைவிடக் கூட்டி விற்றவர்கள் "வாகனம் என்றால் நட்டம் வராது" என்று பேசிக்கொண்டார்கள். அது தட்டுப்பாட்டினால் வந்த விலை. சந்தை திறந்திருக்கும் காலத்தில் வாகனம் தேயும் பொருள். அதை முதலீடாக எண்ணி ஓய்வுக் காலப் பணத்தைப் போடுவது பிழை.

அப்படியானால் சேமிப்பை எப்படி வைத்திருப்பது? எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கொஞ்சம் வங்கியில், கொஞ்சம் தங்கத்தில், முடிந்தால் வாடகை வரும் ஓர் அறையில். கிராம்பும் மிளகும் வாங்கி விற்கும் மாத்தளை, அக்குறணை வியாபாரிகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. விலை விழும் என்று தெரிந்தால் ஒரே சரக்கில் முழு முதலையும் போடாதவர்கள் அவர்கள்.

நமக்குப் பொருந்தும் வழிகள்

முதலாவது, ஓய்வுக்கு முன்னரே வாங்கி வாகனத்தை உழைக்க விடுவது. ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில், கடைக்குச் சரக்கேற்றவும் வேன் தேவைப்படும் காலத்தில் வாங்கினால், தவணையை வியாபாரம் கட்டும். ஓய்வு பெறும்போது கடனில்லாத வாகனம் கையில் இருக்கும். அது நீங்கள் பராமரித்த வாகனம் என்பதால் அதன் வரலாறும் உங்களுக்குத் தெரியும். கூட்டு வியாபாரமானால் அல்லது கம்பனியானால் வாகனம் யார் பெயரில் இருக்கிறது, பிரியும்போது யாருக்குப் போகிறது என்பதை எழுதி வையுங்கள். இடையிடையே ஹயருக்கு விடுவதானால் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவியுங்கள். தனியார் பாவனைக்கு எடுத்த காப்புறுதியோடு ஹயர் ஓடி விபத்து நடந்தால் நட்டஈடு மறுக்கப்படலாம்.

இரண்டாவது, இடத்தைச் சுருக்குவது. அவுஸ்திரேலியர் பெரிய வீட்டை விற்பது போல நாம் செய்வது எளிதல்ல, வாப்பா கட்டிய வீடு என்ற பாசம் இருக்கிறது. ஆனால் மேல் மாடியைப் பிரித்து வாடகைக்கு விடலாம். கண்டியில் பேராதனைப் பல்கலைக்கழகம், வைத்தியசாலைகள், பாடசாலைகள் காரணமாக வாடகை வீட்டுக்குத் தேவை இருக்கிறது. நகருக்குள் நெருக்கடியான இடத்தில் இருப்பவர் அதை வாடகைக்கு விட்டுவிட்டு மடவளையிலோ கெலிஓயாவிலோ குறைந்த வாடகையில் குடியிருக்கவும் முடியும். வருடாந்தச் செலவை வாடகை சுமந்தால் முதல் தப்பும்.

மூன்றாவது, கடையை மகனிடம் கொடுக்கும்போது எழுத்தில் கொடுப்பது. "எல்லாம் உனக்குத்தான்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, பிறகு டீசலுக்கும் மருந்துக்கும் மகனிடம் கை நீட்டும் நிலை பலருக்கு வந்திருக்கிறது. மகன் கெட்டவனல்ல, அவனுக்கும் செக் இருக்கிறது. சரக்கைக் கணக்கெடுத்து, அதன் பெறுமதியை மாதாந்தத் தொகையாக ஐந்து, பத்து வருடத்தில் தருவதாக ஓர் ஒப்பந்தம் எழுதினால் இருவருக்கும் மரியாதை. மற்றப் பிள்ளைகளுக்கும் பின்னால் வழக்குப் பேச இடமிருக்காது.

நான்காவது, கூட்டாக வாங்குவது. மூன்று சகோதரர்கள் சேர்ந்து ஒரு வேன் வாங்கினால், மேலே சொன்ன 30 நாள் பாவனை 90 நாளாகும். நாளொன்றுக்கு 25,000 ஆக இருந்தது எட்டாயிரத்துச் சொச்சமாகும். யார் எப்போது எடுப்பது, அடிபட்டால் யார் கட்டுவது, ஒருவர் விலகினால் பங்கு எவ்வளவு என்ற மூன்றையும் முதல் நாளே எழுதிக்கொள்ளாவிட்டால், வேனும் போகும், உறவும் போகும்.

இரண்டு நல்ல முன்மாதிரிகள்

இந்தியாவின் கொச்சி நகரில் விஜயன், மோகனா என்ற தம்பதியர் ஒரு சிறிய தேநீர்க் கடை நடத்தினார்கள். நாளாந்த வருமானத்தில் 300 ரூபாவைப் பயணத்துக்கென்று ஒதுக்கினார்கள். போதாததற்குக் கடன் எடுத்துப் பயணம் போவார்கள், திரும்பி வந்து இரண்டு மூன்று வருடம் உழைத்துக் கடனை அடைப்பார்கள், பிறகு அடுத்த நாடு. இப்படி 26 நாடுகளைப் பார்த்தார்கள். கடைசியாக ரஷ்யா போய்வந்த சில வாரங்களில், 2021 நவம்பரில் விஜயன் காலமானார். அவர்கள் கடையை விற்கவில்லை. அவர்களுக்குப் பயணத்துக்கு வேறு, கடைக்கு வேறு என்ற கணக்கு இருந்தது.

மற்றது மலேசியா. அங்கே கிராமத்து விவசாயிகள் ஹஜ் போவதற்காகக் காணியையும் மாடுகளையும் விற்றுவிட்டு, திரும்பி வந்து வறுமையில் விழுவதை உங்கு அஸீஸ் என்ற பொருளியல் அறிஞர் கவனித்தார். வட்டியில்லாமல் சிறுகச் சிறுகச் சேமிக்க ஒரு நிதியம் வேண்டும் என்று 1959 இல் அவர் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்து, 1963 இல் செயற்படத் தொடங்கிய நிறுவனமே இன்றைய தாபுங் ஹாஜி. புனிதப் பயணமானாலும் உல்லாசப் பயணமானாலும் பாடம் ஒன்றுதான்: போய் வந்த பிறகும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

எதற்குப் பிறகு எது?

வாகனத்துக்குப் பணம் ஒதுக்கும் முன்னர் இந்த வரிசையைப் பாருங்கள். முதலில் கடன், கைமாற்று, செக் எல்லாம் முடிய வேண்டும். இரண்டாவது, ஒரு பெரிய சத்திர சிகிச்சையைத் தாங்கும் மருத்துவப் பணம். மூன்றாவது, நீங்கள் இல்லாத காலத்தில் மனைவிக்கு மாதந்தோறும் வரக்கூடிய ஒரு வருமானம். இவை மூன்றும் முடிந்து மிஞ்சுவதில்தான் வாகனம். மிஞ்சும் தொகை சிறிதானால் வாகனமும் சிறிதாகட்டும், அல்லது ஹயர் வேனாகட்டும். நான்கு பேர் சேர்ந்து ஹயருக்குப் போகும் பயணத்திலும் அறுகம்பைக் கடல் அதே கடல்தான்.

இன்னும் உழைக்கும் வயதிலிருப்பவர்கள் இந்த மாதமே செய்யக்கூடியவை சில உண்டு. உங்களுக்கு ஒரு சம்பளத்தை நிர்ணயித்து, வீட்டுச் செலவை அதிலிருந்து மட்டும் நடத்துங்கள். தனியார் கம்பனியாகப் பதிந்து, வேலை செய்யும் பணிப்பாளராகச் சம்பளம் பெற்றுச் சேமலாப நிதி கட்டுவது உங்களுக்குப் பொருந்துமா என்று கணக்காளரிடம் கேளுங்கள். சுயதொழில் செய்வோருக்கு 60 வயதுக்குப் பின் மாதாந்த ஓய்வூதியம் தரும் திட்டங்கள் இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபையிடம் உள்ளன. 1996 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை அது. பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். தொகை சிறிதாக இருக்கலாம், ஆனால் கடை நட்டப்பட்டாலும் வரும் பணம் அது. வருடத்துக்கு ஒரு தடவை சரக்கெடுப்புச் செய்யும் நாளில், இன்று கடையை முடித்தால் கையில் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கையும் போட்டு, திகதியிட்டு எழுதி வையுங்கள். மனைவிக்கும் அதைக் காட்டுங்கள். அந்த எண் வருடா வருடம் ஏறுகிறதா என்று பாருங்கள். பயணத்துக்கு வேன் வாங்கலாமா என்பதை அந்த எண்ணே சொல்லும்.